75 வாட்டுக்குள் ஒரு கிராபிக்ஸ் கார்டு

பெங்களூர் ஐடி அலுவலகங்களில் சில வருடங்களுக்கு ஒருமுறை மேசைக் கணினிகளை மொத்தமாக மாற்றிவிடுவார்கள். லீஸ் முடிந்து வெளியே வரும் பெட்டிகளில் நிறைய எஸ்பி ரோட்டுக்கு வந்து சேரும். டவுன்ஹாலுக்கும் கே.ஆர். மார்க்கெட்டுக்கும் பக்கத்தில் இருக்கிற சாதர் பத்ரப்பா ரோடு அது. சென்னைக்காரர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி என்றால் புரிந்துவிடும். டெல், ஹெச்பி, லெனோவோ என்று மூன்று பெயர்களில் கறுப்புப் பெட்டிகள் கடை வாசலில் தோளளவு அடுக்கி வைத்திருப்பார்கள். புத்தக அலமாரியில் செருகிவிடக்கூடிய தடிமன்தான். கை இடுக்கில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிடலாம். எஸ்எஃப்எஃப், அதாவது ஸ்மால் ஃபார்ம் ஃபேக்டர், என்று கேட்டால் கடைக்காரர் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்.

இந்தப் பெட்டிகள் மேல் எனக்கு நிஜமான மரியாதை உண்டு. எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் ஓயாமல் ஓடுவதற்காகச் செய்தவை. மின்சாரம் கொஞ்சம்தான் குடிக்கும், சத்தமும் அவ்வளவாக இருக்காது. அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர் பக்கம் நம் தமிழ் வீடுகளில் பிள்ளைகளுக்கு முதல் கணினியாக வருவதும் பெரும்பாலும் இவைதான். ஆனால் அந்தப் பிள்ளை வீடியோ எடிட்டிங்கோ, அனிமேஷனோ, மெஷின் லேர்னிங்கோ படிக்கத் தொடங்கியதும் யாராவது ஒருவர் வந்து, "இதுல கார்டெல்லாம் போட முடியாது, புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிடுவார். அந்த வீட்டுக்கு அது ஆறு மாதச் சேமிப்பு. பெரும்பாலான பெட்டிகளுக்கு அந்த அறிவுரை தேவையே இல்லை. கிராபிக்ஸ் கார்டு, அதாவது படம் வரையும் கனமான கணக்கைப் பிராசசரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் தனிப் பலகை, போடலாம். ஆனால் எந்தக் கார்டு நல்லது என்று விசாரிப்பதற்கு முன்னால், இந்தப் பெட்டி எதை ஏற்கும் என்று பார்த்தாக வேண்டும்.

என் அண்ணன் மகளுக்கு அப்படி ஒன்று செய்து கொடுத்ததை வைத்தே சொல்கிறேன். அவள் அனிமேஷன் படிக்கிறாள், வேலையெல்லாம் பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில். வீட்டில் இருப்பது ஐ5-7500 போட்ட எஸ்எஃப்எஃப் பெட்டி. நாலு கோர், 65 வாட் பிராசசர். அதற்குள்ளேயே இருக்கிற இன்டெல் எச்டி 630 படம் பார்க்கவும் எழுதவும் தாராளமாகப் போதும். பிளெண்டருக்குள் இருக்கும் சைக்கிள்ஸில் ரெண்டர், அதாவது காட்சியை இறுதிப் படமாக மாற்றும் வேலை, கொடுத்தால்தான் தகராறு. மொத்த பாரமும் அந்த நாலு கோர் மேல் விழும். "அத்தை, ரெண்டர் போட்டுட்டா அப்புறம் சிஸ்டத்துல வேற ஒண்ணும் செய்ய முடியல" என்றாள். அவள் கேட்டது வேகமான கேமிங் கணினி இல்லை. ரெண்டர் ஓடும்போது அடுத்த ஷாட்டில் வேலை செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

பெட்டியைத் திறந்ததும் முதலில் படிக்க வேண்டியது கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர். இவளுடையதில் 180 வாட் என்று இருந்தது. கடையில் வாங்கும் சாதாரண கேமிங் எஸ்எம்பிஎஸ் 500, 600 வாட்டில் ஆரம்பிக்கும். "அதையே வாங்கி மாட்டிடலாமே" என்று தோன்றும். மாட்ட முடியாது. இந்த அலுவலகப் பெட்டிகளின் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வடிவமும் வேறு, மதர்போர்டுக்குப் போகும் கனெக்டரும் வேறு. கார்டுக்கென்று தனியாக ஆறு பின் ஒயர் அதில் கிடையாது.

அப்படியானால் கார்டுக்கு மின்சாரம் எங்கிருந்து வரும்? மதர்போர்டில் கார்டைச் செருகும் ஸ்லாட்டிலிருந்துதான். பிசிஐ எக்ஸ்பிரஸ் (பிசிஐஇ) தர விதிப்படி முழு நீள எக்ஸ்16 ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் கொடுக்கலாம். 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அது 66 வாட். மிச்சம் 3.3 வோல்ட்டில் வரும். தனி ஒயர் கேட்காத கார்டுகள் எல்லாம் இந்த 75-க்குள் அடங்குகிறவை. சில அலுவலகப் பெட்டிகளின் கையேட்டில் ஸ்லாட்டுக்கு இதைவிடக் குறைந்த வரம்பு எழுதியிருக்கும். மாடல் பெயரைப் போட்டுத் தேடி, கையேட்டைப் படித்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

கணக்கு எளிது. பிராசசர் 65, மதர்போர்டு, ரேம், எஸ்எஸ்டி, விசிறி எல்லாம் சேர்ந்து ஒரு 25 என்று வைத்தால் 90. 180-இல் மிச்சம் 90. இதில் 75 வாட் கார்டு போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் ஓடும்போது 165-ஐத் தொடும். ஓடும்தான். ஆனால் எத்தனையோ வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸை அந்த ஓரத்திலேயே மணிக்கணக்கில் நிறுத்தி வைக்க எனக்கு மனசில்லை. 50 வாட் கார்டு என்றால் 140-இல் நிற்கும். நிம்மதி.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா பவர் ஒயரை ஆறு பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் மலிவாகக் கிடைக்கும், சில கடைகளில் அவர்களே எடுத்துக் கொடுப்பார்கள். வாங்காதீர்கள். சாட்டா கனெக்டரில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒவ்வொன்றும் 1.5 ஆம்பியர். மொத்தம் 54 வாட்தான். ஆறு பின் வைத்திருக்கும் கார்டு அந்த வழியாக 75 வாட் வரை இழுக்கலாம். கனெக்டர் சூடாகி உருகும். வீட்டில் பிள்ளை ரெண்டர் போட்டுவிட்டுத் தூங்கும் கணினியில் இந்த வேலை வேண்டவே வேண்டாம்.

வாட் முடிந்தால் அடுத்தது உயரம். சாதாரண கார்டின் பிராக்கெட், அதாவது பெட்டியின் பின்பக்கத்தில் பொருந்தும் தகரம், சுமார் 120 மில்லிமீட்டர். எஸ்எஃப்எஃப் பெட்டிக்குள் போவது லோ புரொஃபைல், அதன் பிராக்கெட் 80 மில்லிமீட்டருக்குள். இது பலருக்குத் தெரியும். கோட்டை விடுவது தடிமனில். எக்ஸ்16 ஸ்லாட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள கார்டு உட்காரும். எங்கள் பெட்டியில் எக்ஸ்16-க்கு அந்தப் பக்கம் நேராக எஸ்எம்பிஎஸ்ஸின் தகரம். ஒற்றை ஸ்லாட் கார்டைத் தவிர வேறு எதுவும் நுழையாது. கார்டின் நீளத்தையும் அளந்து பாருங்கள். சில பெட்டிகளில் ஹார்டு டிஸ்க் கூடு முன்னால் வந்து இடிக்கும்.

இவ்வளவும் எழுதி வைத்துக்கொண்ட பிறகு கார்டுப் பட்டியலைப் பார்த்தால், தேர்வு தானாகவே நடந்து முடிந்திருக்கும். எல்லாரும் சொல்லும் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1650 லோ புரொஃபைல் நல்ல கார்டு, ஆனால் 75 வாட், இரண்டு ஸ்லாட். 2024 பிப்ரவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி வகை இன்னும் நல்லது. 70 வாட், தனி ஒயர் கேட்காது. இடம் இருக்கிற பெட்டிக்கு இன்று நான் முதலில் சொல்வது அதைத்தான். ஆனால் அதன் லோ புரொஃபைல் வகைகளும் பெரும்பாலும் இரண்டு ஸ்லாட் தடிமன். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட், ஒற்றை ஸ்லாட்டில் கிடைக்கும், விளையாட்டுக்குப் பரவாயில்லை. ஆனால் மதர்போர்டோடு தகவல் பேச நாலே லேன், அதாவது நாலே பாதை, வைத்த கார்டு அது. பிசிஐஇ 4.0 மதர்போர்டை நினைத்துச் செய்தது. 3.0 மட்டுமே உள்ள, எங்கள் ஐ5-7500 மாதிரி ஏழாம் தலைமுறை இன்டெல் பெட்டியில் போட்டால் அந்த வழி பாதியாகக் குறுகிவிடும். வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் என்கோடரும் அதில் கிடையாது. இன்டெல் ஆர்க் ஏ310 ஏவி1 என்ற புது வகை வீடியோவை என்கோடு செய்யும், அந்த விலையில் அது பெரிய விஷயம். ஆனால் கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரேயடியாக எட்ட விடும் ரீசைசபிள் பார் வசதி இல்லாத பழைய மதர்போர்டில் ஆர்க் கார்டுகளின் வேகம் நன்றாகவே அடிவாங்கும்.

பிளெண்டருக்கு என்விடியா பக்கம் நான் சாய்ந்ததற்கும் காரணம் இருக்கிறது. 2021 டிசம்பரில் வந்த பிளெண்டர் 3.0-இல் சைக்கிள்ஸ், பல நிறுவனக் கார்டுகளுக்கும் பொதுவான ஓப்பன்சிஎல் வழியைக் கைவிட்டது. அதோடு பழைய ஏஎம்டி கார்டுகள் பல வெளியே போய்விட்டன. என்விடியாவில் அதன் சொந்த வழியான கூடா தொடர்ந்து இருந்தது.

அப்புறம், புது பாக்கெட்டில் விற்கும் ஜிடி 710, ஜிடி 730 பற்றி. எஸ்பி ரோட்டில் இன்றும் கண்ணாடி அலமாரியில் பளபளவென்று இருக்கும். விலை குறைவு, லோ புரொஃபைல் பிராக்கெட் கூடவே வரும், கடைக்காரரும் அதைத்தான் முதலில் நீட்டுவார். பத்து வருடத்துக்கு மேல் பழைய கார்டுகள், டிரைவர் ஆதரவு எப்போதோ முடிந்துவிட்டது. பிராசசருக்குள் இருக்கும் எச்டி 630-இலிருந்து இதற்கு மாறுவதில் ஒரு லாபமும் இல்லை. ஜிடி 1030 கொஞ்சம் மேல், 30 வாட்தான். ஆனால் அதே பெயரில் இரண்டு கார்டுகள் இருக்கின்றன. 2017-இல் வந்தது ஜிடிடிஆர்5 மெமரி. அடுத்த வருடம் டிடிஆர்4 மெமரி போட்டு அதே பெயரில் இன்னொன்றை விட்டார்கள். மெமரியின் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. பெட்டியில் பெயரைப் பார்த்து வாங்கும் வாடிக்கையாளருக்கு அது நியாயமில்லாத வேலை. மெமரி வகையை வாசித்துவிட்டுத்தான் காசைக் கொடுக்க வேண்டும்.

கடைசியில் வடிகட்டி நின்றது டி1000. இது கேமிங் கார்டு வரிசையில் வராது. என்விடியா ஒர்க்ஸ்டேஷன்களுக்கென்று செய்யும் வரிசை. அதனால்தான் பிள்ளைகள் இதைக் கேள்விப்பட்டிருப்பதில்லை. உள்ளே இருக்கும் சிப் ஜிடிஎக்ஸ் 1650-இல் இருக்கும் அதே டியூ117, அதே 896 கூடா கோர். ஆனால் 50 வாட்டில் கட்டுப்படுத்தி, ஒற்றை ஸ்லாட்டில், லோ புரொஃபைலாகச் செய்திருக்கிறார்கள். 4 ஜிபியிலும் 8 ஜிபியிலும் உண்டு. அதே வரிசையின் முந்தைய தலைமுறை குவாட்ரோ பி1000 இன்னும் மலிவாகக் கிடைக்கும், 47 வாட். அதை வேண்டாம் என்று வைத்தது டிரைவர் காரணமாக. பி1000 சேர்ந்த பாஸ்கல் தலைமுறைக்கு 580 என்ற எண்ணுள்ள வரிசையோடு புது டிரைவர் நின்றுவிட்டது. பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. படம் காட்ட மட்டும் என்றால் பி1000 போதும். படிப்பு முடிய இன்னும் வருடங்கள் இருக்கிற பெண்ணுக்கு அடுத்த தலைமுறையான டியூரிங் கார்டு வாங்குவதுதான் சரி.

எஸ்பி ரோட்டில் ஒர்க்ஸ்டேஷன் கார்டு எல்லாக் கடையிலும் இருக்காது. பழைய சர்வர், ஒர்க்ஸ்டேஷன் பிரித்து விற்கும் சந்துக் கடைகளில் கேட்க வேண்டும். நாங்கள் போன கடையில் வேலை பார்க்கும் தம்பி ஓசூர் பக்கத்துக்காரர். முதலாளியிடம் இந்தி, எதிர்க் கடையோடு கன்னடம், எங்களைப் பார்த்ததும் தமிழ். முதலில் 1650 ஒன்றை எடுத்துவந்தார். பெட்டியின் உள்பக்கப் படத்தைக் கைபேசியில் காட்டினேன். ஒரு பார்வைதான். "இல்ல மேடம், எஸ்எம்பிஎஸ் இடிக்கும், இது உக்காராது" என்று அவரே திரும்ப வைத்துவிட்டு டி1000-ஐத் தேடி எடுத்தார். எந்தக் கடைக்குப் போனாலும் அந்தப் படம் ஒன்று போதும், பத்து நிமிடப் பேச்சு மிச்சமாகும்.

செகண்ட் ஹேண்ட் என்பதால் கடையிலேயே மாட்டி ஓட்டிக் காட்டச் சொன்னோம். தயங்காமல் கேட்கலாம், அங்கே எல்லாரும் கேட்பதுதான். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால் சிப்பின் பெயர், மெமரி வகை, கோர் எண்ணிக்கை எல்லாம் தெரியும். பழைய கார்டுக்குள் பதிந்திருக்கும் மென்பொருளான பயாஸை மாற்றி 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் போலிகள் சந்தையில் உண்டு. அப்படிப்பட்டதைக் கண்டுபிடித்தால் அந்த மென்பொருள் பெயருக்கு முன்னால் போலி என்றே போட்டுக் காட்டும். பத்து நிமிடம் பாரம் கொடுத்து ஓட்டினோம், விசிறிச் சத்தம் கேட்டோம், பில் வாங்கினோம், டெஸ்டிங் வாரண்டியை பில்லிலேயே எழுதி வாங்கினோம்.

கார்டில் இருந்தது நெட்டைப் பிராக்கெட். குட்டைப் பிராக்கெட்டைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. அது இல்லாமல் ஸ்லாட்டில் செருகி ஓட்டலாம் என்பார்கள். அப்படி விட்டால் கேபிள் இழுபடும்போதெல்லாம் கார்டு ஆடும். பிராக்கெட் மாற்றுவது சின்ன வேலைதான், ஆனால் நல்ல வெளிச்சம் வேண்டும். டி1000-இல் மினி டிஸ்ப்ளேபோர்ட் நாலு. பிராக்கெட்டைப் பிடித்திருக்கும் பொடி ஸ்க்ரூக்களைக் கழற்றினால் தகரம் போர்ட்டுகள் மேலிருந்து வழுக்கி வெளியே வரும். புதுத் தகரத்தை வைக்கும்போது போர்ட் வாய்களைச் சுற்றியிருக்கும் மெல்லிய உலோக நாக்குகள் உள்ளே மடங்கிவிடாமல் பார்க்க வேண்டும். மடங்கினால் கேபிள் பாதிதான் நுழையும். அண்ணன் மகள் கையில் அகல்விளக்குத் திரி நிமிண்டும் ஊசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு நாக்காக வெளியே தள்ளி, தகரத்தைச் சரித்து உட்கார வைத்தாள். ஸ்க்ரூவை முழுசாக முடுக்காமல் பெட்டிக்குள் வைத்து, பின்பக்கச் சட்டத்தோடு பிராக்கெட் நேராக நிற்கிறதா என்று பார்த்த பிறகே கடைசிச் சுற்றைச் சுற்றினாள். ஸ்லாட்டில் அழுத்தியதும் ஓரத்துத் தாழ்ப்பாள் 'டிக்' என்று விழுந்தது.

மானிட்டர் எச்டிஎம்ஐ என்பதால் மினி டிஸ்ப்ளேபோர்ட் கன்வெர்ட்டர் ஒன்றும் வேண்டும். கார்டு வாங்கும்போதே வாங்கிவிடுங்கள். மானிட்டர் கேபிளை மதர்போர்டு போர்ட்டிலிருந்து எடுத்து கார்டில் செருக வேண்டும். நிறையப் பேர் 'கார்டு வேலை செய்யல' என்று திரும்பக் கொண்டுபோவது இதனால்தான் என்று கடைத்தம்பி சொன்னார்.

இவள் பெட்டியில் இப்போது லினக்ஸ். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை கேட்கிறது. ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் சந்தையில் இவ்வளவு மலிவாகக் கொட்டிக் கிடப்பதற்கு இதுவும் காரணம் என்று நினைக்கிறேன். பிளெண்டர் லினக்ஸில் அருமையாக ஓடும். உபுண்டுவில் என்விடியா டிரைவர் போடும்போது அங்கீகாரம் இல்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருந்தால் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். மறுபடி பூட் ஆகும்போது வரும் நீலத்திரையில் அதே பாஸ்வேர்டைக் கொடுத்து டிரைவரின் சாவியைச் சேர்க்க வேண்டும். அந்தத் திரையைக் கவனிக்காமல் தாண்டிவிட்டால் டிரைவர் லோடே ஆகாது.

டிரைவர் ஏறியதும் டெர்மினலில் என்விடியா-எஸ்எம்ஐ என்ற கட்டளையைக் கொடுத்தால் ஒரு சின்னக் கட்டம் வரும். வெப்பம், விசிறி, எவ்வளவு வாட் இழுக்கிறது, உச்சவரம்பு எவ்வளவு, மெமரி எவ்வளவு பிடித்திருக்கிறது என்று எல்லாம் அதில் இருக்கும். ரெண்டர் கொடுத்துவிட்டு இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். வாட் எண் ஏறி 50-ஐ ஒட்டி நின்றது, அதைத் தாண்டவில்லை. வெப்பம் ஏறி எழுபதுகளில் நிலைத்தது. பிராசசர் கிட்டத்தட்ட சும்மா இருந்தது. அவள் உடனே இன்னொரு ஜன்னலில் அடுத்த ஷாட்டைத் திறந்துவிட்டாள். இந்தப் பெட்டிக்குள் காற்று முன்பக்கத்திலிருந்து மட்டும்தான் வருகிறது. அதனால் முன்பக்க வலையைத் தூசு இல்லாமல் துடைத்து, அலமாரியின் மூடிய தட்டிலிருந்து வெளியே எடுத்து வைத்தோம். கழற்றும்போதே பிராசசரின் பழைய தெர்மல் பேஸ்ட்டையும் மாற்றிவிட்டேன். வருடக்கணக்கில் காய்ந்து கிடந்தது.

பெங்களூரில் மே மாத மழைக்குக் கரண்ட் போவது சாதாரணம். வீட்டு யுபிஎஸ்ஸில் 12 வோல்ட், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி என்றால் கணக்குப்படி 1800 வாட்-அவர், கைக்கு வருவது அதைவிடக் குறைவு. கார்டில் ரெண்டர் ஓடும்போதும் இந்தக் கணினி மொத்தமாக நூறு வாட்டைச் சுற்றித்தான் கேட்கிறது. ஒரு ஃபேன், ஒரு லைட்டோடு சேர்ந்து ரெண்டர் நிற்காமல் ஓடும். 2025 தொடக்கத்தில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 தனியாகவே 575 வாட் கேட்கும் கார்டு. அதன் வேகம் எங்கே, இது எங்கே. ஆனால் மழை நாளில் சமர்ப்பிக்க வேண்டிய மாணவிக்கு இந்தக் குறைந்த வாட் பெரிய வசதி.

வேலை ரெண்டரோடு முடியவில்லை. என் மாமியாரின் பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றி வைத்திருந்தேன். ஊர்க் கதைகள், தாலாட்டு, கல்யாணப் பேச்சு. பேச்சை எழுத்தாக்கும் விஸ்பர் மாடலுக்கு சின்ன வகை என்றால் சுமார் 2 ஜிபி கார்டு மெமரி போதும், நடு வகைக்கு சுமார் 5 ஜிபி. நாங்கள் வாங்கிய 4 ஜிபி கார்டில் சின்ன வகை ஓடுகிறது. தமிழுக்கு அது சுமார்தான், மதுரைப் பேச்சில் தடுமாறுகிறது. ஆனாலும் எந்த நிமிடத்தில் எந்தக் கதை வருகிறது என்று தேட உதவுகிறது. சும்மா கிடந்த அலுவலகப் பெட்டி இதைச் செய்வதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

இதைவிடச் சின்னதாக, ஒரு லிட்டர் பெட்டிகள் என்று விற்பவற்றுக்கு இந்த வழி பெரும்பாலும் இல்லை. அவற்றில் ஸ்லாட்டே கிடையாது. லெனோவோவின் எம்720க்யூ, எம்920க்யூ போன்ற சிலவற்றில் ஸ்லாட்டை வெளியே எடுத்துத் தரும் தனி ரைசர் பலகை வாங்கி ஒரு சின்ன கார்டை நுழைக்கலாம். கார்டு போடும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால், அழகுக்காக அந்தக் குட்டியை எடுக்காமல் எஸ்எஃப்எஃப் எடுங்கள்.

அண்ணன் மகளின் காட்சிகள் இப்போதே 4 ஜிபியை நெருங்குகின்றன. பொருள்களின் மேல் ஒட்டும் டெக்ஸ்சர் படங்களின் அளவைக் குறைத்துச் சமாளிக்கிறாள், அது எவ்வளவு நாள் என்று சொல்ல முடியாது. 2024-இல் என்விடியா ஆர்டிஎக்ஸ் ஏ1000 விட்டது. 8 ஜிபி, 2304 கூடா கோர், ஒளியின் பாதையைக் கணக்கிடும் ரே டிரேசிங் கோர்களும் உண்டு. அதுவும் 50 வாட்தான், அதுவும் ஒற்றை ஸ்லாட் லோ புரொஃபைல்தான். போர்ட்டும் மினி டிஸ்ப்ளேபோர்ட் என்பதால் கன்வெர்ட்டர்கூட மாற வேண்டாம். செகண்ட் ஹேண்டில் வந்தால் சொல்கிறேன் என்று ஓசூர்த் தம்பி நம்பர் வாங்கி வைத்திருக்கிறார். டி1000-ஐ அவரே திரும்ப எடுத்துக்கொள்வதாகவும் பேச்சு.